இடியாப்பம், சேவை, சந்தகை: மூன்றும் ஒன்றுதானா?

வேம்பு

கோவை, ஈரோட்டுப் பக்கம் போனால் சந்தகை. தஞ்சாவூர், பாலக்காட்டு ஐயர் வீடுகளில் சேவை. நான் வளர்ந்த மதுரையில் இடியாப்பம். தட்டில் பார்த்தால் மூன்றும் வெள்ளை நூல்தான். ஒரே பண்டத்துக்கு ஊருக்கொரு பெயரா, இல்லை செய்முறையே வேறா? மளிகைக் கடையில் காய்ந்த சேவை என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, அது எந்தக் கணக்கில் வரும்? அப்படியே, இது எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சீனாவிலிருந்து வந்தது என்று அலுவலகத்தில் ஒருவர் அடித்துப் பேசுகிறார்.

நொய்யல்

வேறு வேறுதான். பெயரை விடுங்கள், எது முதலில் நடக்கிறது என்று பாருங்கள். இடியாப்பத்தைப் பிழிந்துவிட்டு வேகவைப்பார்கள். சந்தகையை வேகவைத்துவிட்டுப் பிழிவோம். மற்ற வித்தியாசமெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

எங்கள் பக்கம் புழுங்கலரிசியை ஊறவைத்து, நைசாக அரைத்து, உப்புப் போட்டு, புளிக்க விடாமல் அப்படியே இட்லித் தட்டில் ஊற்றி வேகவைப்போம். உளுந்து கிடையாது. அதனால் இட்லி உப்பாது, கெட்டியாக, பளபளவென்று வரும். சூடு ஆறுவதற்குள் அதை அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். அச்சு என்றதும் முறுக்கு உழக்கை நினைக்காதீர்கள். இரும்பில் மூன்று கால், நடுவில் குழல், மேலே திருகு, திருகுக்குக் குறுக்கே கைப்பிடி. ஒருவர் காலை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கீழே தட்டு ஏந்தி வாங்குவதற்குப் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள். இட்லி ஆறிப்போனால் கைப்பிடி நகராது. அதனால் ஒரு ஈடு பிழிந்து முடிக்கும்போது அடுத்த ஈடு அடுப்பில் வெந்திருக்க வேண்டும். வீட்டில் ஒற்றை ஆளாக இருப்பவர்கள் சந்தகை செய்ய யோசிப்பது இதனால்தான். விருந்தாளி வந்தால்தான் சந்தகை என்பதும் இதனால்தான், செய்யக் கைகள் வேண்டும்.

முதல் தட்டு தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும். அப்புறம் எலுமிச்சை, தக்காளி, தேங்காய் என்று தாளித்தது. அசைவ வீடுகளில் கோழிக்குழம்பு. ராகியிலும் கம்பிலும் கூடச் செய்வார்கள்.

கல்பாத்தி

நொய்யல் அக்கா சொன்ன வரிசைதான் சேவைக்கும். நடுவில் ஒரு படி மட்டும் எங்கள் வீட்டில் வேறு. அரைத்த மாவை இட்லித் தட்டில் ஊற்ற மாட்டோம். உருளியில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு, மாவை ஊற்றி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை கிளறுவோம். அதைக் கொழுக்கட்டையாகப் பிடித்துக் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். முதலில் அடியில் போய் உட்காரும், வெந்ததும் மேலே மிதந்து வரும். மிதப்பதை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துச் சேவை நாழியில் போட்டுப் பிழிய வேண்டும். தண்ணீரை விட்டு மொத்தமாக எடுத்து வைத்தால் ஆறிவிடும், அக்கா சொன்ன அதே தொல்லை.

சேவைக்கு எங்களிடம் ஜோடி மோர்க்குழம்பு. கூட அப்பளம். மீதிச் சேவையைப் பிரித்துத் தேங்காய்ச் சேவை, எலுமிச்சைச் சேவை, எள்ளுச் சேவை, வெல்லச் சேவை என்று நான்காகச் செய்துவிடலாம். இடியாப்பத்தில் இந்தப் பிரிப்பு நடக்காது.

சைக்கிள்மணி

சென்னையில் சைக்கிள் பின்னால் பாத்திரம் கட்டிக்கொண்டு ‘இடியாப்போம்ம்’ என்று இழுத்துக் கூவி வருவார்களே, எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் உப்புமா.

வேம்பு

கல்பாத்தி, பிரிப்பு நடக்காது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மிஞ்சிய இடியாப்பத்தை உதிர்த்துத் தாளிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இருக்கிறதே.

மாவுமில்

தாளிக்கலாம். ஆனால் வருவது உதிரி, நூல் இல்லை. ஏன் என்று பார்த்தால் இங்கே கேட்டதில் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கோதுமையில் பசைப்புரதம் இருக்கிறது. பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தாலே இழுபடும். அதனால்தான் சேமியாவைப் பச்சையாகவே பிழிந்து வெயிலில் காயவைக்க முடிகிறது. அரிசியில் அந்தப் புரதம் கிடையாது. பச்சரிசி மாவில் பச்சைத் தண்ணீர் விட்டுப் பிழிந்து பாருங்கள், நூல் வராது, பொடிப்பொடியாக விழும். அரிசி மாவை ஒட்டவைப்பது அதிலுள்ள மாவுச்சத்துதான், அதுவும் சூடும் நீரும் சேர்ந்து அது வீங்கிப் பசையான பிறகுதான்.

இதற்கு இரண்டு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இடியாப்பத்துக்கு மாவை வறுத்துக் கொதிக்கிற தண்ணீர் விட்டுக் கிளறுகிறோம். மாவின் ஒரு பங்குதான் அப்போது பசையாகிறது. நூலாக வருவதற்கு அது போதும், கையால் அழுத்திப் பிழியவும் முடிகிறது. மீதி மாவு ஆவியில்தான் வேகிறது. அந்த நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிற நூல்கள் தொட்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே இடியாப்பம் வட்டமாக, எடுத்தால் முழுசாக வருகிறது. அதைப் பிய்த்தால் ஒட்டிய இடத்தில் பிரியாமல் நூலின் நடுவில் அறுகிறது. நீங்கள் சொல்லும் உதிரி இப்படித்தான் வருகிறது.

சேவை, சந்தகையில் மாவு முழுசாக வெந்த பிறகே அச்சுக்குப் போகிறது. கெட்டியான களியைச் சிறு துளை வழியே தள்ளுவதால்தான் திருகு தேவைப்படுகிறது. பிழிந்த பிறகு வேகவைப்பது இல்லை. நூல் வெளியே வந்ததும் ஆற ஆற இறுகுகிறது, பக்கத்து நூலோடு ஒட்ட நேரமே கிடைப்பதில்லை. புழுங்கலரிசி ஏற்கனவே நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை வெந்து காய்ந்தது, அதுவும் பிசுபிசுப்பைக் குறைக்கிறது. அப்புறம் எலுமிச்சை பிழிந்து புரட்டினாலும் நூல் நூலாகவே நிற்கும்.

வேம்பு கேட்ட பாக்கெட் சேவை இரண்டாவது வகை. வெந்த மாவைப் பிழிந்து உலர்த்தியது. கொதிநீரில் கொஞ்ச நேரம் போட்டு வடித்தாலே போதும் என்று அட்டையில் எழுதியிருப்பது அதனால்தான். பச்சை மாவாக இருந்தால் அப்படி ஆகாது. சுவையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

நொய்யல்

சுவையைப் பற்றி நான் சொல்கிறேன். அவசரத்துக்கு ஆகும். விருந்துக்கு வைத்தால் மரியாதை போய்விடும்.

வடலி

யாழ்ப்பாணத்தில் சேவை, சந்தகை எதுவும் கிடையாது. இடியப்பம் மட்டும்தான், ஆனால் அதுக்குள்ளேயே பல வகை. வறுத்த சிவப்பரிசி மாவில் அவிப்பது ஒன்று. வெள்ளை அரிசி மாவில் அவிப்பது ஒன்று. அவித்து அரித்த கோதுமை மாவை அரிசி மாவோடு கலந்து பிழிவது இன்னொன்று, அது மெதுமெதுவென்று இருக்கும். கோதுமை மாவைப் பச்சையாகப் பாவிப்பதில்லை. துணியில் கட்டி ஆவியில் அவித்து, கட்டி உடைத்து, அரித்து எடுத்த பிறகுதான் சுடுதண்ணி விட்டுக் குழைப்பது. மாவுமில் அண்ணை சொன்ன கணக்குக்கு இது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு ஒரு யோசனை. கோதுமையின் இழுவையை வேண்டாம் என்றுதானே அவிக்கிறோம்?

தொட்டுக்கொள்ள எங்கட வீடுகளில் சொதியும் சம்பலும். தேங்காய்ப்பாலும் சீனியும் பிள்ளைகளுக்கு.

மாவுமில்

சரியாகப் பிடித்தீர்கள் வடலி. ஆவியில் வெந்தால் கோதுமையின் பசைப்புரதம் இறுகி இழுவை போய்விடும். அப்போது கோதுமை மாவும் அரிசி மாவு போலவே நடந்துகொள்ளும். பச்சையாகப் போட்டால் இடியப்பம் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

தாமிரபரணி

சொதி என்று சொல்லிவிட்டு இப்படிச் சுருக்கமாகப் போனால் எப்படி? திருநெல்வேலியில் சொதி என்றால் இடியாப்பத்துக்குத் தொட்டுக்கொள்கிற சமாச்சாரம் இல்லை. அது முழுச் சாப்பாடு. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் போடுகிற விருந்தில் சாம்பார் இருக்காது, சொதிதான். தேங்காயை மூன்று பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் வேகும். வேகவைத்த பாசிப்பருப்பு சேரும். காரத்துக்குப் பச்சை மிளகாயும் இஞ்சியும், வற்றல் கிடையவே கிடையாது. கடைசியில் முதல் பால் விட்டு, நுரை கட்டும்போதே இறக்கி, ஆறிய பிறகு எலுமிச்சை. சூடான சோற்றில் ஊற்றி, கூட இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். அவ்வளவு தேங்காயும் செரிக்க அந்த இஞ்சித் துவையல் வேண்டும், அது அலங்காரம் இல்லை.

வடலி

எங்கட சொதி அதுக்கு நேர் எதிர். தண்ணியாக இருக்க வேண்டும், பருப்பு இல்லை. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள் போட்டு அவிய விட்டு, பால் விட்ட பிறகு கொதிக்க விடாமல் இறக்கி, தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, விடுவது. அதில் மீன் போட்டால் மீன் சொதி. காலமை இடியப்பத்துக்கு, மத்தியானம் சோத்துக்குக் கறிகளோடு ஒரு பக்கத்தில், இரவு புட்டுக்கு. விருந்துக்கென்று ஒரு நாள் ஒதுக்கி வைக்கிற சாமான் இல்லை.

கல்பாத்தி

இரண்டுக்கும் பக்கத்தில் கேரளத்து இஷ்டுவையும் வைக்கலாம். அதுவும் தேங்காய்ப்பால்தான், ஆனால் மஞ்சள் கிடையாது, எலுமிச்சை கிடையாது. பட்டை, கிராம்பு, ஏலம், மிளகு. ஆப்பத்துக்கும் இடியப்பத்துக்கும் அதுதான் துணை. மூன்று ஊரும் தேங்காய்ப்பாலில் மூன்று வழி போயிருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்று வந்ததென்று யாராவது கிளம்புவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

சைக்கிள்மணி

கிளம்பத்தான் போகிறேன். தொடக்கம் எங்கே? சங்க இலக்கியத்திலேயே இடியாப்பம் இருக்கிறது என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். அப்புறம் சீனாக்காரர் கதை.

பழஞ்சுவடி

சங்க இலக்கியத்தில் இருக்கிறது என்பவர்கள் காட்டுகிற இடம் பெரும்பாணாற்றுப்படை. ‘காரகல் கூவியர் பாகொடு பிடித்த இழைசூழ் வட்டம் பால்கலந் தவைபோல்’ என்று ஒரு உவமை. காஞ்சி மரத்தில் படர்ந்த குருக்கத்தியின் பூக்கள் மணலில் தேங்கிய நீரில் உதிர்ந்து கிடப்பதைப் புலவர் அப்படிச் சொல்கிறார். நூல் சுற்றிய வட்டம், அது பாலில் கிடக்கிறது. தேங்காய்ப்பாலில் மிதக்கிற இடியாப்பம் கண்முன் வந்துவிடுகிறது, மறுக்கவில்லை.

ஆனால் அடியை மெதுவாகப் படியுங்கள். காரகல் என்பது கரிய சட்டி. கூவியர் அப்பம் சுட்டு விற்பவர்கள். பாகோடு சேர்த்துப் பிடித்தது. ஆவி எங்கே? தட்டு எங்கே? சட்டியில், பாகோடு செய்த நூல் வட்டம் என்றால் அது பாகில் போட்ட பிழி பண்டமாகவும் இருக்கலாம், ஓரம் நூல்நூலாகப் படிந்த அப்பமாகவும் இருக்கலாம். மாவை நூலாக்கும் கை அன்றைக்கே இருந்தது என்று சொல்ல அந்த இரண்டு அடி போதும். இன்றைய இடியாப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுக்கப் போதாது.

மதுரைக்காஞ்சியில் ‘நல்வரி இறாஅல் புரையும் மெல்லடை’ வருகிறது. தேன்கூடு போல இருக்கிற மெல்லிய அடை. மதுரைத் தெருவில் இரவு விற்று முடித்துத் தூங்கி விழுகிற கூவியரிடம் இருந்தது அது. ஆப்பத்தின் துளைகளை நினைத்தால் இந்த உவமை முந்தையதைவிட இறுக்கமாகப் பொருந்துகிறது. ஆனால் ஆப்பத்துக்குக் கொடி பிடிக்க யாரும் வருவதில்லை, எல்லாரும் இடியாப்பத்துக்கே வருகிறார்கள்.

பெயர் பழசு என்பதை வைத்துப் பண்டம் பழசு என்று முடிவு கட்டவும் கூடாது. இட்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். 10-ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையில் ‘இட்டலிகெ’ வருகிறது. 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசர் மூன்றாம் சோமேசுவரரின் மானசோல்லாசத்திலும் அதற்குக் குறிப்பு உண்டு. அதில் அரிசியே இல்லை, உளுந்து மட்டும். அரிசியும் உளுந்தும் சேர்த்துப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் முறை இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று உணவு வரலாற்று ஆய்வாளர் கே.டி. அச்சயா சொன்னது ஒரு ஊகம். அதைத்தான் இன்று எல்லாரும் நிரூபணம் போல எடுத்து வீசுகிறார்கள்.

சைக்கிள்மணி

சரி, சீனா?

பழஞ்சுவடி

சீனாவின் தெற்கில் அரிசி நூடுல்ஸ் உண்டு, அது உண்மை. ஆனால் அரிசியைத் துளை வழியே பிழிகிற ஊர்கள் நிறைய. தாய்லாந்தில் கனோம் சீன் என்று ஒன்று இருக்கிறது. ஊறி லேசாகப் புளித்த அரிசி மாவைக் கொஞ்சம் வேகவைத்து, பிசைந்து, கொதிக்கிற தண்ணீருக்குள் நேராகப் பிழிந்துவிடுவார்கள். பர்மாவின் மொகிங்காவில் போடுகிற நூலும், வியட்நாமின் பூனும் அதே குடும்பம்.

நொய்யல் முதலில் சொன்ன அளவுகோலையே இங்கேயும் வைத்துப் பாருங்கள். பிழிந்து ஆவியில் வைப்பது இடியாப்பம். வேகவைத்துப் பிழிவது சேவை. தண்ணீருக்குள் பிழிவது அவர்களுடையது. சீனாவிலிருந்து கற்றிருந்தால் தண்ணீருக்குள் பிழியும் முறை நம் கரையில் எங்காவது வேரூன்றியிருக்க வேண்டும். வீட்டுச் சமையலில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அரிசியில் ஒட்டும் புரதம் இல்லை என்கிற ஒரே சிக்கலுக்கு அவரவர் ஊரில் அவரவர் வழி கண்டார்கள் என்று எடுத்துக்கொள்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

கிள்ளான்

இங்கிருந்து அங்கே போனது வேண்டுமானால் கண்ணால் பார்க்கலாம். மலேசியாவில் மலாய்க்காரர்களும் சீனர்களும் புத்து மாயாம் என்று வாங்குவது நம் இடியாப்பம்தான். தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள், சொதி கிடையாது. இந்தோனேசியாவில் புத்து மாயாங் என்று கலர் போட்டுச் சின்னச் சின்னதாகச் செய்து, பனைவெல்லமும் தேங்காய்ப்பாலும் காய்ச்சிய பாகை மேலே ஊற்றுகிறார்கள். போன இடத்தில் எல்லாம் காரம் போய் இனிப்புப் பலகாரமாகிவிட்டது.

கபினி

மேற்கே வந்தால் நொய்யல் பிரித்த கோடு இன்னும் அழகாக விழும். மைசூர்ப் பக்கத்து ஒத்து சாவிகெ வெந்த மாவை அச்சில் போட்டுப் பிழிவது, ஆகவே சந்தகைக்குச் சொந்தம். வெல்லம் கலந்த தேங்காய்ப்பாலோடு சாப்பிடுவார்கள். குடகில் நூபுட்டு, அதற்குக் கோழிக்கறி. கொங்கு நாடு, பாலக்காடு, மைசூர், குடகு என்று அடுத்தடுத்த ஊர்கள். அந்தத் துண்டு முழுக்க வேகவைத்துப் பிழிகிற கூட்டம். கிழக்குக் கரை, தென்கரை, இலங்கை எல்லாம் பிழிந்து வேகவைக்கிற கூட்டம்.

கல்பாத்தி

அந்தக் கோட்டை அவ்வளவு நேராகப் போடாதீர்கள் கபினி. தஞ்சாவூர், கும்பகோணத்து அக்கிரகாரங்களிலும் சேவை நாழி உண்டு. அங்கே ஊரைவிட வீடுதான் கணக்கு. ஒரே தெருவில் ஒரு வீட்டில் சேவை, எதிர் வீட்டில் இடியாப்பம்.

கபினி

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாலக்காட்டிலும் உங்களைத் தவிர மற்ற வீடுகளில் என்ன செய்கிறார்கள் என்று சொல்லவில்லையே.

கல்பாத்தி

இடியப்பம்தான். கேரளத்தில் சில இடங்களில் நூல்புட்டு என்பார்கள், செய்முறை இடியப்பத்துக்குள்ளதே.

தாமிரபரணி

தென்கரை என்றதும் காயல்பட்டினம், கீழக்கரையை விட்டுவிடாதீர்கள். பெருநாள் காலையில் இடியாப்பத்துக்குப் பக்கத்தில் வட்டிலப்பம் இருக்கும். முட்டை, தேங்காய்ப்பால், இனிப்பு சேர்த்து ஆவியில் வேகவைத்தது. இன்னொரு தட்டில் கறி ஆணம். இனிப்பையும் கறியையும் ஒரே இடியாப்பம் தாங்குவதை அங்கே பார்க்கலாம்.

வடலி

வட்டிலப்பம் இலங்கையிலும் முஸ்லிம் வீடுகளில்தான் பெயர் போனது. அங்கே கித்துள் என்கிற பனை வகையின் கருப்பட்டி போடுவார்கள், நிறமே கறுப்பாக இருக்கும்.

வேம்பு

எல்லாருக்கும் நன்றி. அலுவலகத்துக்காரருக்குப் பதில் கிடைத்துவிட்டது. கடைசியாக நொய்யல் அக்காவுக்கு ஒரு கேள்வி. திருகு அச்சு வாங்காமல், வீட்டிலிருக்கிற முறுக்கு உழக்கிலேயே சந்தகை பிழிய முடியுமா?

நொய்யல்

பித்தளையோ எவர்சில்வரோ என்றால் முடியும், மர உழக்கு என்றால் வேண்டாம், பிளந்துவிடும். இடியாப்பத் தட்டைவிட ஒரு சுற்றுப் பெரிய துளை உள்ள தட்டாகப் போடுங்கள். உழக்கின் உள்ளே நல்லெண்ணெய் தடவி, ஒரு தடவைக்கு ஒரு இட்லிக்கு மேல் போடாதீர்கள். மற்ற இட்லிகள் அடுப்பில் பாத்திரத்துக்குள்ளேயே மூடிக் கிடக்கட்டும். அரிசி பழசாக இருந்தால் நூல் அறுகாது, புது அரிசி என்றால் குழைந்துகொண்டு வரும். இரண்டு பேருக்கு இது போதும். நாலு பேர் என்றாலே கை விட்டுப்போகும், அப்போது திருகு அச்சுதான். வாங்கும்போது கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள், மூன்று காலும் தரையில் சமமாக உட்காருகிறதா என்றும் பாருங்கள். ஒரு கால் ஆடினாலும் பிழியும்போது அச்சு சாய்ந்துவிடும்.